கொடுப்பனவு மறுக்கப்பட்டால்: மேன்முறையீட்டில் திகதியும் பற்றுச்சீட்டும்

இயலாமைக் கொடுப்பனவு மறுக்கப்பட்டவர்கள் எழுதிய மேன்முறையீட்டுக் கடிதங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் தோற்றுப்போனவை பெரும்பாலும் நியாயம் இல்லாததால் தோற்கவில்லை. திகதி தவறியிருக்கும், எந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறோம் என்பது கடிதத்தில் இருக்காது, அல்லது கடிதம் கொடுக்கப்பட்டதற்கு ஒரு துண்டு அத்தாட்சியும் இருக்காது. வறுமையைப் பற்றி இரண்டு பக்கம் உருக்கமாக எழுதப்பட்டிருக்கும். விண்ணப்ப இலக்கம் மட்டும் இருக்காது.

அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயா, ஹேவாஹெட்ட பக்கம் போகும் பாதையோரத்தில் வசிப்பவர்களுக்குச் சில வருடங்களாக நான் விண்ணப்பங்களும் மேன்முறையீடுகளும் எழுதிக் கொடுத்து வருகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. எழுதத் தெரிந்தவர், அதுவும் சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொல்லத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக என்னிடம் வருகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும் என்னைப் போல அவர்களுக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். இயலாமையுடைய குறைந்த வருமானமுடையவர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2023இல் 5,000 ரூபாவாக இருந்தது. 2024இல் அது 7,500 ஆனது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறுநீரக நோயாளிகளுக்கும் இதே தொகைதான். மாதத்தில் இரண்டு தடவை முச்சக்கரவண்டி பிடித்துக் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போய் வர வேண்டிய ஒருவருக்கு இந்தப் பணம் வருவதும் வராததும் கிளினிக்குக்குப் போவதா, வீட்டிலேயே இருந்துவிடுவதா என்பதைத் தீர்மானிக்கும்.

எதை எதிர்க்கிறீர்கள்?

“பேர் வரல்லைங்க” என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். எந்தப் பட்டியலில் பெயர் வரவில்லை என்று கேட்டால் தெரியாது. இது அவர்களுடைய பிழை அல்ல. 2023இல் அஸ்வெசும வந்தபோது பல கொடுப்பனவுகள் ஒரே பெயரின் கீழ் பேசப்படத் தொடங்கின. ஆனால் தீர்மானங்கள் வெவ்வேறு.

குடும்பத்துக்கான அஸ்வெசும ஒன்று. அதற்கு 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் அடிப்படை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்பத்தின் அமைப்பு என்ற ஆறு விடயங்களின் கீழ் 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பத்துக்குப் புள்ளி போடப்படுகிறது. அந்தப் புள்ளியின்படி குடும்பம் ஏதாவது ஒரு பிரிவுக்குள் வரும், அல்லது வெளியே நிற்கும். இயலாமைக் கொடுப்பனவு தனிநபருக்கானது. அதில் வைத்தியச் சான்றிதழும் வருமானமும் பார்க்கப்படும். குடும்பம் தெரிவாகவில்லை என்பதை எதிர்க்கும் கடிதத்தில் முதுகெலும்பு முறிந்த கதையை மட்டும் எழுதினால், அதைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு மாற்றுவதற்கு எதுவும் கிடைக்காது. அவருக்குத் தேவை எந்தச் சுட்டி பிழையாகப் பதியப்பட்டது என்பதுதான். வீட்டில் இல்லாத மோட்டார் சைக்கிள் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறதா, வெளியே போய்விட்ட மகனின் சம்பளம் இன்னும் குடும்ப வருமானமாகக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயலாமைக் கொடுப்பனவை எதிர்க்கும் கடிதத்திலோ வைத்தியரின் வார்த்தைதான் முக்கியம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மேன்முறையீடு என்பது நமக்கு மறுக்கப்பட்டதைக் கேட்பது. ஆட்சேபனை என்பது தகுதியில்லாத இன்னொருவர் தெரிவானதை எதிர்ப்பது. 2023இல் முதல் பட்டியல் வெளியானபோது இரண்டுக்கும் ஜூலை 10 கடைசித் திகதியாக இருந்தது. 9 இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் வந்தன. ஆட்சேபனைகள் 17,000 அளவில்தான். அந்த நாட்களில் என்னிடம் வந்த ஓர் அம்மா, “எதிர் வீட்டுக்காரருக்குக் கிடைச்சிருக்கு, எனக்கு இல்ல, அத எழுதுங்க தம்பி” என்று பிடிவாதமாக நின்றார். எழுதவில்லை. எதிர் வீட்டுக்காரரின் பெயரை வெட்டினாலும் இவருடைய பெயர் அந்த இடத்துக்கு வராது. சொந்த மேன்முறையீட்டுக்குள் அயல் வீட்டை இழுப்பதால் நடப்பது ஒன்றுதான்: கடிதம் பிழையான கோப்புக்குப் போகும்.

எனவே கடிதத்தின் தலைப்பில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: எந்தக் கொடுப்பனவு, எந்தத் திகதித் தீர்மானம், என்ன விண்ணப்ப அல்லது குடும்பப் பதிவு இலக்கம். அதன் கீழே தேசிய அடையாள அட்டை இலக்கமும் கிராம உத்தியோகத்தர் பிரிவும்.

காரணத்தைக் கேட்டு வாங்குங்கள்

மறுக்கப்பட்டவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது வாய்மொழிப் பதில். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து “இல்லை” என்று சொல்லப்படும், சில வேளை தலையாட்டல் மட்டும். வாய்மொழிப் பதிலை எதிர்த்து மேன்முறையீடு எழுதுவது இருட்டில் கல்லெறிவது போல.

இங்கே பலருக்கும் தெரியாத ஓர் ஆயுதம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பெரும்பாலானோர் ஆவணப் பிரதி கேட்பதற்கான சட்டமாகவே நினைக்கிறார்கள். அதன் 35ஆம் பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அந்தத் தீர்மானத்தை எடுத்த உத்தியோகத்தர் அதற்கான காரணங்களை எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். நான் எழுதும் வாக்கியம் இதுதான்: “மேற்குறிப்பிட்ட தீர்மானத்துக்கான காரணங்களை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி எனக்கு எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்துடன் எனது விண்ணப்பக் கோப்பில் உள்ள கள ஆய்வுக் குறிப்பின் பிரதியையும் தரவும்.” இரண்டு வரி. இதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை.

பிரதி கேட்கும் பகுதிக்கான நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது, ஆனால் அந்தப் படிவத்தில்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமும் செல்லும். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம், உத்தியோகத்தர் அதை எழுத்தில் பதிய வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கோரிக்கை கிடைத்ததற்கு அத்தாட்சி தரப்பட வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். முதல் நான்கு பக்கப் போட்டோப் பிரதிகளுக்குக் கட்டணம் இல்லை.

பதில் வராவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. காலக்கெடு கடந்தும் பதில் தராததே மேன்முறையீட்டுக்குப் போதிய காரணம். மறுப்புக் கடிதம் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு விடயத்தில் கவனம் தேவை. தகவல் கேட்பதால் கொடுப்பனவுக்கான மேன்முறையீட்டின் காலம் நின்றுவிடாது. இரண்டும் தனித்தனிப் பாதைகள். காரணம் வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தால் கடைசித் திகதி போய்விடும். முதலில் சுருக்கமான மேன்முறையீட்டைக் கொடுத்துவிட்டு, “காரணங்கள் கிடைத்ததும் மேலதிக விளக்கம் சமர்ப்பிப்பேன்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சாரத்திலிருந்து விழுந்தவரின் கோப்பு

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு குறைந்த ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். மனைவி வீடுகளில் வேலை செய்கிறார். இரண்டு தடவை கையால் கொண்டுபோய்க் கொடுத்த கடிதங்களுக்குப் பதில் இல்லை. மூன்றாவது தடவை காரணம் கேட்டு எழுதினோம். வந்த பதில் மூன்றே வரி, சிங்களத்தில். சமர்ப்பித்த வைத்தியச் சான்றிதழில் இயலாமை நிரந்தரமானதா என்று குறிப்பிடப்படவில்லை என்பதே சாரம்.

அவர் கொடுத்திருந்தது வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரப்பட்ட அட்டையின் பிரதி. அதில் நோயின் பெயர், செய்த சத்திரசிகிச்சை, குடிக்க வேண்டிய மருந்து எல்லாம் இருந்தன. வைத்தியருக்கு அது போதும். கொடுப்பனவைத் தீர்மானிப்பவருக்குப் போதாது. இரண்டு வருடமாக ஏறி இறங்கியதெல்லாம் ஒரு சொல்லுக்காக.

அன்றிலிருந்து யார் சான்றிதழ் வாங்கப் போனாலும் ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். வைத்தியரிடம் கேட்க வேண்டியவை: இயலாமை எப்போது ஏற்பட்டது, நிரந்தரமானதா தற்காலிகமானதா, எவற்றைத் தனியாகச் செய்ய முடியாது (நடப்பது, மலசலகூடம் போவது, உடுப்பு மாற்றுவது, சாப்பிடுவது), தொழில் செய்ய முடியுமா, இன்னொருவரின் உதவி தேவையா. அரச வைத்தியரின் கையெழுத்தும் பதவி முத்திரையும் திகதியும் இருக்க வேண்டும். கிளினிக்கில் வைத்தியருக்கு ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. தாளைக் கையில் கொடுத்தால் அவரும் பார்த்து எழுதுவார். யாரும் கோபித்ததாக எனக்குச் செய்தி வரவில்லை.

புதிய ஆவணம் இல்லாமல், பழைய தாள்களையே மறுபடி இணைத்து, கூடுதல் சோகத்துடன் அனுப்பும் மேன்முறையீட்டுக்குப் பழைய பதிலே வரும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் இயலாமைக் கொடுப்பனவு மேன்முறையீடுகள் 2019 பெப்ரவரியிலிருந்து மூன்று பாதைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது பாதை புதிய, பொருத்தமான சாட்சியம் வைத்திருப்பவருக்கு. இரண்டாவது, இருக்கும் கோப்பையே மூத்த உத்தியோகத்தர் ஒருவர் திரும்பப் பார்ப்பது. அதில் புதிய தாள் எதுவும் சேர்க்க முடியாது. மூன்றாவது மேன்முறையீட்டுச் சபைக்குப் போவது. தீர்மானக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு வருடம் அவகாசம். நமக்கு அந்த ஒரு வருடம் இல்லை. ஆனால் அந்தப் பிரிப்பு கேட்கும் கேள்வி இங்கேயும் பயன்படும்: கோப்பில் இருப்பதைப் பிழையாக வாசித்தார்களா, அல்லது கோப்பில் இருக்க வேண்டியது இல்லையா? முதலாவது என்றால் எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்ட வேண்டும். இரண்டாவது என்றால் அந்தத் தாளைத் தேடி இணைக்க வேண்டும்.

படைவீரர்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். காயமடைந்த ஒருவர் இந்த நாட்டில் தாள்களுக்குள் சிக்குவது எந்தப் பக்கத்துக்கும் மட்டும் உரியதல்ல. 2016இன் கடைசி மாதங்களில், 12 வருட சேவையை முடிக்கும் முன்பே காயத்தால் ஓய்வுபெற்ற இராணுவத்தினர் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் போராடினார்கள். சிலர் ஊன்றுகோலோடு நின்றார்கள். தண்ணீர் பீய்ச்சி விரட்டப்பட்டார்கள். இந்தியாவில் படைவீரரின் இயலாமை ஓய்வூதிய மறுப்பை 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். சென்னையிலும் அதன் கிளை இருக்கிறது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. துறைக்குள் கொடுத்த மேன்முறையீட்டுக்கு ஆறு மாதம் பதில் வராவிட்டால், அந்த வழி முடிந்துவிட்டதாகக் கருதி தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மௌனத்துக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். நமது நலன்புரிக் கொடுப்பனவுகளுக்கும் அப்படி ஒரு வரி தேவை என்பது என் கருத்து.

பெயர், முகவரி, மொழி

பெயரில் ஓரெழுத்து மாறினால் கோப்பு நிற்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து திரும்ப எழுதப்பட்ட இன்னொரு விதம், வைத்தியசாலை அட்டையில் தாதி கேட்டபடி எழுதிய மூன்றாவது விதம். மலையகத் தமிழர்களுக்கு இது புதிதல்ல. மேன்முறையீட்டோடு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி ஒன்றை முதலிலேயே இணைத்துவிடுவது நல்லது. கேட்கும்போது கொடுக்கலாம் என்று இருந்தால் இன்னொரு பயணம், இன்னொரு நாள் சம்பளம். கையெழுத்து வைக்க முடியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். பக்கத்தில் சாட்சி ஒருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கட்டும்.

தோட்டங்களில் முகவரிதான் பெரிய பிரச்சினை. லயத்துக்கு இலக்கம் இல்லாத இடத்தில் கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கே ஒரு கட்டுக்குள் கிடக்கும். கடிதத்தின் திகதி ஒன்று, கைக்கு வந்த நாள் வேறு. வந்த உறையைத் தூக்கி எறிய வேண்டாம். தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது. கைக்குக் கிடைத்த நாளை உறையின் மேலேயே எழுதி, கொடுத்தவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கி வையுங்கள். பதில் வர வேண்டிய முகவரியாக டவுனில் உள்ள உறவினர் வீட்டைக் கொடுப்பதில் தவறில்லை. “தபால் முகவரி” என்று தனியாகக் குறிப்பிட்டால் போதும்.

மொழி பற்றி. கண்டி மாவட்டத்தில் நிர்வாகம் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. ஆனால் சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதுவதற்கும், எழுதிய மொழியிலேயே பதில் பெறுவதற்கும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. “தமிழ்ல எழுதினா எடுக்க மாட்டாங்க” என்று நம்மவர்களே சொல்லிச் சொல்லி அந்த உரிமை தேய்ந்துவிட்டது. நான் தமிழிலேயே எழுதுகிறேன். அவசரமான கோப்பாக இருந்தால் பின்னால் ஒரு பக்கச் சிங்களச் சுருக்கம் இணைக்கிறேன். அது சட்டம் கேட்பதால் அல்ல, மேசையில் மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று கடிதம் கிடப்பதைத் தவிர்க்க.

கொடுத்ததற்கு அத்தாட்சி

எப்போதும் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் ஒப்பமும் வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வீட்டுப் பிரதியின் மூலையில் ஒட்டி வையுங்கள். பற்றுச்சீட்டின் மை சில மாதங்களில் மங்கிவிடும், கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். இணையத்தின் ஊடாகச் சமர்ப்பிப்பவர்கள் வரும் இலக்கத்தைத் திரையோடு படமெடுக்க வேண்டும். கொம்யூனிகேஷன் கடைத் தம்பி போட்டுக் கொடுத்தார், இலக்கம் அவரிடம் இருக்கிறது என்பவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கடை மூடப்பட்டால் இலக்கமும் போகும்.

மூலப் பத்திரங்களை ஒருபோதும் இணைக்க வேண்டாம். பார்க்கக் கேட்டால் காட்டுங்கள், கொடுக்க வேண்டியது பிரதி மட்டும். கடிதத்தின் முடிவில் “இணைப்புகள்” என்று எழுதி ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டால், பின்னர் “அந்தத் தாள் வரவில்லை” என்று சொல்ல முடியாது. கடைசி நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அது போயா தினத்தையும் வார இறுதியையும் ஒட்டி வந்தால் மழையில் பஸ் பிடித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சாரத்திலிருந்து விழுந்தவருக்குப் புதிய சான்றிதழோடு ஒரு பக்க மேன்முறையீடு போனது. நான்கு மாதங்களில் கொடுப்பனவு வந்தது. முந்தைய இரண்டு வருட நிலுவை வரவில்லை. முதல் இரண்டு கடிதங்களும் கொடுக்கப்பட்டதற்கு எந்த அத்தாட்சியும் இல்லாததால், அவற்றின் திகதியிலிருந்து கேட்க எங்களுக்கு வழி இருக்கவில்லை.

எல்லாம் செய்தும் பதில் இல்லையென்றால், அல்லது அதே நிலையிலுள்ள இன்னொருவருக்குக் கொடுத்து உங்களுக்கு மறுத்திருந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டிப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை. இங்கேயும் ஒரு மாதம் என்ற கணக்கை மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாத அவகாசம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்திருந்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேர்க்கப்படாது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். எனவே முறைப்பாட்டு இலக்கத்தையும் அங்கிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அதே கோப்பில் போடுங்கள். வழக்கு வரை போக வேண்டியிருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தில் வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் சட்டத்தரணி ஒருவரைத் தருவார்கள். அங்கே போகும்போது கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழையும் கொண்டு செல்லுங்கள். அது இல்லாமல் போனால் அதை எடுத்துவர இன்னொரு நாள் போகும், ஒரு மாதக் கணக்கில் அந்த நாளும் சேரும்.